சம்பளம் 165,000, கைக்கு மாசம் 9,500: டல்லாஸ்ல இருந்து பே ஏரியா போன ஒரு குடும்பத்தோட கணக்கு

டல்லாஸ்ல இருந்த எனக்கு தெரிஞ்ச ஒருத்தருக்கு பே ஏரியாவுல (சான் ஃபிரான்சிஸ்கோ, சிலிக்கான் வேலி பக்கம்) வேலை கிடைச்சுது. ஆஃபர் லெட்டர் வந்த அன்னைக்கு அவர் போட்ட கணக்கு ரொம்ப சிம்பிள். பேஸ் 165,000, போனஸ் 10%, ஆர்எஸ்யூ (கம்பெனி ஷேரா தர்றது) நாலு வருஷத்துக்கு 120,000. ஆக வருஷத்துக்கு 211,500, பன்னெண்டால வகுத்தா மாசம் 17,625 டாலர். டல்லாஸ்ல 128,000 வாங்கிட்டு இருந்தவருக்கு இத பாத்தா தலை சுத்தாம என்ன செய்யும், சன்னிவேல்ல 4,200-க்கு ஒரு வீடு பாத்துட்டு "அண்ணே, சம்பளத்துல கால்வாசிதானே"ன்னு எனக்கு அனுப்பினார். அந்த 17,625 எந்த மாசமும் எந்த பேங்க் அக்கவுண்ட்லயும் வந்து விழாது, அதான் பிரச்சினையே.

குடும்பத்த பத்தி தேவையான அளவு மட்டும் சொல்றேன். கணவன், மனைவி, இந்தியாவுல பிறந்த மூணு வயசு பையன். அவர் எச்-1பி வேலை விசா, கிரீன் கார்டுக்கு கம்பெனி போடற ஐ-140 அப்ரூவ் ஆகி இருந்துச்சு, மனைவி எச்-4 (எச்-1பி காரங்களோட குடும்பத்துக்கான விசா), வேலை பாக்க அனுமதி தர்ற ஈஏடிக்கு அப்ளை பண்ணிட்டு காத்துட்டு இருந்தாங்க. ஊர்ல அவரோட அப்பா அம்மாவுக்கு மாசம் 500 டாலர் அனுப்பணும், அதுல கை வைக்கிற பேச்சே கிடையாதுன்னு ரெண்டு பேரும் ஆரம்பத்துலயே சொல்லிட்டாங்க, எனக்கும் அது சரின்னுதான் பட்டுச்சு. 2024 ஆகஸ்ட்ல மாறினாங்க. ஆஃபீஸ் மவுண்டன் வியூ பக்கம், வாரத்துல மூணு நாள் நேர்ல போகணும்.

முதல்ல கைக்கு வர்ற காசு. 2024 ரேட்ல, வருஷம் முழுக்க அந்த ஊர்ல இருந்தா எப்படின்னு வச்சு போட்டோம். 165,000-ல 401கேல (ரிடையர்மென்ட் சேமிப்பு) 6% போடணும், இல்லன்னா அதுக்கு கம்பெனி தன் பங்குக்கு போடற மேட்ச் போயிடும், அது 9,900. ஹெல்த் இன்ஷூரன்ஸ் மாசம் 480, வருஷத்துக்கு 5,760. இத ரெண்டையும் கழிச்சு, ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் (எல்லாருக்கும் டாக்ஸ் இல்லாம விடற தொகை) 29,200-ம் கழிச்சா ஃபெடரல் டாக்ஸ் போடற தொகை 120,140, டாக்ஸ் சுமார் 16,500. பையனுக்கு எஸ்எஸ்என் (சோஷியல் செக்யூரிட்டி நம்பர்) கிடையாது, டாக்ஸுக்கு மட்டும் தர்ற ஐடிஐஎன் நம்பர்தான், அதனால 2024-ல இருந்த 2,000 டாலர் சைல்ட் டாக்ஸ் கிரெடிட் வராது, 500 டாலர் கிரெடிட்தான். இத நிறைய பேர் கவனிக்கறதில்ல, ஆன்லைன் கால்குலேட்டர்ல குழந்தை ஒண்ணுன்னு போட்டதும் அது பெரிய கிரெடிட்டையே தாராளமா கழிச்சுடும். அப்புறம் சோஷியல் செக்யூரிட்டி, மெடிகேர் சேத்து 7.65%, அது 12,180. இதுவரைக்கும் டல்லாஸ்லயும் இதே வகை பிடித்தம்தான். புதுசா வர்றது ரெண்டு. கலிஃபோர்னியா ஸ்டேட் இன்கம் டாக்ஸ் சுமார் 5,200, அப்புறம் எஸ்டிஐன்னு ஸ்டேட் டிஸெபிலிட்டி இன்ஷூரன்ஸ் 1.1%, 2024-ல இருந்து அதுக்கு உச்சவரம்பையும் எடுத்துட்டாங்க, அதுல 1,750. எல்லாம் போக வருஷத்துக்கு 114,150 கிட்ட நிக்குது, மாசம் 9,510.

இதே மாதிரி டல்லாஸ் சம்பளத்துக்கு போட்டா மாசம் 7,990. டெக்சஸ்ல ஸ்டேட் இன்கம் டாக்ஸ் இல்ல. அதாவது பேப்பர்ல 37,000 டாலர் ஹைக், கைக்கு மாசம் 1,520. டல்லாஸ்ல ரெண்டு பெட்ரூமுக்கு அவங்க குடுத்தது 1,850, சன்னிவேல்ல அதே மாதிரி சுமாரான வீடு 3,650. வாடகை வித்தியாசம் மட்டுமே 1,800. ஹைக் முழுசா வீட்டு ஓனர்கிட்ட போயி, மேல ஒரு 280 கையில இருந்தும் போகுது. இத சொன்னதும் மனைவி கேட்டாங்க, "அப்ப எதுக்குண்ணா போறோம்?" நியாயமான கேள்வி. அதுக்கு பதில் ரெண்டு இருந்துச்சு, ஒண்ணு ஆர்எஸ்யூ, இன்னொண்ணு அவங்களோட வேலை. டல்லாஸ்லயும் வேலை தேடலாம்தான், ஆனா அவங்க செய்யற வேலைக்கு (சிப் வெரிஃபிகேஷன், பையன் பிறந்ததுல இருந்து கேப்) சான் ஹோசே பக்கம் இருக்கிற அளவு கம்பெனி அங்க இல்ல.

இங்கதான் அவரோட எக்செல் ஷீட்ட நான் கலைச்சேன். அதுல வாடகை ஒரு லைன், கார் ஒரு லைன், டேகேர் ஒரு லைன், மனைவி சம்பளம் தனியா ஒரு லைன், ஒவ்வொண்ணையும் தனித்தனியா குறைக்க பாத்துட்டு இருந்தார். பே ஏரியாவுல இந்த நாலும் ஒரே முடிச்சு. வீடு எங்கன்னு முடிவு பண்ணும்போதே எத்தன கார்னு முடிவாயிடுது, பையன எத்தன மணிக்குள்ள கூப்பிடணும், மனைவி எந்த ஏரியாவுல வேலைக்கு போக முடியும், எல்லாமே அதுலயே முடிவாயிடுது. மளிகைல அம்பது டாலர் மிச்சம் பிடிக்கறதெல்லாம் அதுக்கப்புறம் வர்ற சமாச்சாரம்.

மூணு இடம் பாத்தாங்க. மவுண்டன் ஹவுஸ், ட்ரேசி பக்கம் போனா ஏகப்பட்ட நம்மாளுங்க இருக்காங்க, வாடகையும் கம்மி, ஆனா 580 ஹைவேல ஆல்டமான்ட் மலை ஏறி இறங்கி மவுண்டன் வியூ வர்றதுன்னா காலைல ரெண்டு மணி நேரம் சாதாரணம். சான் ஹோசே வரைக்கும் ஏஸ் ட்ரெயின் இருக்கு, ஆனா அது காலைல வரும் சாயங்காலம் போகும், நடுவுல பையனுக்கு காய்ச்சல்னு டேகேர்ல இருந்து போன் வந்தா அதுக்குன்னு ஒரு ட்ரெயின் கிடையாது. அத அஞ்சு நிமிஷத்துல விட்டுட்டோம். ஃப்ரீமான்ட் நல்லா யோசிச்சோம். 3,050-க்கு டீசன்டான வீடு, சன்னிவேல விட 600 கம்மி. ஆனா அவர் கார எடுத்துட்டு 880, 237 ஹைவே வழியா போயிட்டா வீட்ல இருக்கறவங்களுக்கு முதல் நாள்ல இருந்தே ரெண்டாவது கார் வேணும். பழைய கார விக்காம வச்சுக்கிட்டா கூட இன்ஷூரன்ஸ், ரெஜிஸ்ட்ரேஷன், ரிப்பேர், பெட்ரோல், அதோட இவரோட கம்யூட்டுக்கு ஆகிற கூடுதல் பெட்ரோல், சேத்து 380. பெட்ரோல் டெக்சஸ விட கேலனுக்கு ஒண்ணரை டாலர் கூடன்னு ஞாபகம் வச்சுக்கணும். ஆக 600 மிச்சம்னு பாத்தது 220 ஆயிடுச்சு. அந்த 220-க்கு சாயங்காலம் 237-ல நின்னுட்டு, ஆறு மணிக்கு மூடற டேகேருக்கு லேட் ஃபீ நிமிஷக் கணக்குல கட்டணும்.

கடைசில எடுத்தது சான்டா கிளாரா. வாடகை 3,500. இதுல வெளியூர்க்காரங்களுக்கு தெரியாத ஒரு விஷயம் இருக்கு, சன்னிவேல், சான் ஹோசே எல்லாம் பிஜி அண்ட் ஈ கம்பெனி கரண்ட், சான்டா கிளாரா சிட்டிக்கு மட்டும் சொந்தமா சிலிக்கான் வேலி பவர்னு மாநகராட்சி கம்பெனி இருக்கு, யூனிட் ரேட் பாதிக்கும் கம்மி. ரோட்டுக்கு இந்தப் பக்கம் அந்தப் பக்கம்தான் வித்தியாசம். அவங்க யூசேஜுக்கு 140 வர வேண்டிய பில் 60 வந்துச்சு. ஸ்கூல் ரேட்டிங் பாத்து குபர்டினோ போகணும்னு அவருக்கு ஒரு ஆசை இருந்துச்சு, மூணு வயசு பையனுக்கு ஹைஸ்கூல் ரேட்டிங்குக்கு இப்பவே வாடகை கட்றது என்ன லாஜிக்னு எனக்கு இன்னைக்கும் புரியல.

லீஸ்ல கவனிக்க வேண்டிய இடம் ஒண்ணு. "ஒரு மாசம் ஃப்ரீ" ஆஃபர் இருந்துச்சு, அதனால லீசிங் ஆஃபீஸ் சொன்ன ரேட் 3,208, அதாவது பதினொரு மாச வாடகைய பன்னெண்டால வகுத்தது. அவரும் ஷீட்ல 3,208-னே போட்டார். நான் 3,500-னு மாத்த சொன்னேன், ஏன்னா மாசாமாசம் கட்றது 3,500, அடுத்த வருஷம் ஏத்தும்போதும் 3,500 மேலதான் ஏத்துவாங்க, அந்த ஃப்ரீ மாசம் வரும்போது அது தனியா எமர்ஜென்சி ஃபண்டுக்கு போகட்டும். அப்புறம் தண்ணி, குப்பை, சீவேஜ் எல்லாம் மொத்த பில்டிங்குக்கு வர்ற பில்ல குடும்ப வாரியா பங்கு போட்டு தனியா அனுப்புவாங்க, அது 130, விளம்பரத்துல அது இருக்காது. அட்வான்ஸ் விஷயத்துல நல்ல காலம், 2024 ஜூலை 1-ல இருந்து கலிஃபோர்னியால பெரும்பாலான ஓனர்ங்க ஒரு மாச வாடகைக்கு மேல டெபாசிட் கேக்க முடியாது.

மனைவி வேலைக்கு போறதுக்கு முந்தின மாசக் கணக்கு இப்படி நின்னுச்சு. வாடகை 3,500, தண்ணி குப்பை 130, கரண்ட் 60, இன்டர்நெட் போன் 130, கார் மற்றும் ரென்டர்ஸ் இன்ஷூரன்ஸ் 190, பெட்ரோல் 160, கார் ஈஎம்ஐ 480, மளிகை 900, வெளில சாப்பாடு 350, மருந்து டாக்டர் 100, ஊருக்கு 500, இந்தியா ட்ரிப்புக்குன்னு ஒதுக்கறது 250, துணிமணி, பையன் கிளாஸ், இதர 500. மொத்தம் 7,250, மிச்சம் 2,260. டல்லாஸ்ல மிச்சம் 2,500 இருந்துச்சு, அப்ப மாச ஓட்டத்துல கொஞ்சம் கம்மிதான். இதுல வெளி சாப்பாடு 350-ஐ பாதியாக்கணும்னு அவர் ரொம்ப கறாரா இருந்தார், நான் வேணாம்னேன், புது ஊருக்கு வந்து யாரையும் தெரியாம நாலு சுவத்துக்குள்ள இருக்கற பொண்ணுக்கு சனிக்கிழமை ஒரு தோசை கடைக்கு போறது செலவுல சேராது. இந்தியா ட்ரிப் 250 ஏன் மாசாமாசம்னு கேட்டார். மூணு டிக்கெட் லீவு சீசன்ல ஒரே நாள்ல கார்டுல விழறதுக்கு இது எவ்வளவோ பரவால்ல.

மாறும்போது ஆன செலவ தனி பக்கத்துல வச்சோம். சைன்-ஆன் போனஸ் 20,000-னு லெட்டர்ல இருக்கும், ஃபெடரல் 22%, கலிஃபோர்னியா 10.23%, மத்ததெல்லாம் சேத்து 41% பிடிச்சு 11,800 வந்துச்சு. ஒரு வருஷத்துக்குள்ள வேலைய விட்டா திருப்பிக் குடுக்கணும்ங்கறதையும் படிச்சுக்கணும். ரிலொகேஷனுக்கு 8,000 காசா தர்றதா சொன்னாங்க, 2018-ல இருந்து அதுவும் ஃபெடரல்ல வருமானம்தான், அப்ப கைக்கு 4,700. கையெழுத்து போடறதுக்கு முன்னாடி, டாக்ஸயும் கம்பெனியே ஏத்துக்குமா, க்ராஸ்-அப் பண்ணி தருவீங்களான்னு ஹெச்ஆர்ட்ட ஒரே ஒரு மெயில் போடச் சொன்னேன், ஒத்துக்கிட்டாங்க. கேக்காம விட்டிருந்தா 3,300 காலி. இன்னொண்ணு, வண்டிய கலிஃபோர்னியால 20 நாளுக்குள்ள ரெஜிஸ்டர் பண்ணணும், லைசன்ஸ் 10 நாளுக்குள்ள. ரெஜிஸ்ட்ரேஷன்ல வண்டி மதிப்புல 0.65% ஒரு ஃபீ இருக்கு, புது வண்டியா இருந்தா சுளையா கேக்கும்.

ஆர்எஸ்யூவ பட்ஜெட்லயே சேக்கல. முதல் வருஷம் முடியற வரைக்கும் ஒரு ஷேர் கூட வராது. அப்புறம் வரும்போதும் அது சம்பளம் மாதிரிதான், சோஷியல் செக்யூரிட்டி லிமிட் தாண்டாத வரைக்கும் 10,000-க்கு வெஸ்ட் ஆனா, அதாவது ஷேர் நம்ம கைக்கு வந்தா, கைக்கு 5,900. விலை ஏறலாம், இறங்கலாம், வேலையே போகலாம். வந்ததும் வித்து எமர்ஜென்சி ஃபண்ட், அப்புறம் மத்ததுன்னு பேசி வச்சுக்கிட்டாங்க. நம்ம ஆளுங்க அத விக்காம "ஏறும், ஏறும்"னு வச்சிருக்கறத நான் நிறைய பாத்திருக்கேன், சம்பளமும் அதே கம்பெனி, சேமிப்பும் அதே கம்பெனி, விசாவும் அதே கம்பெனின்னா ராத்திரி எப்படித் தூக்கம் வருதோ.

எமர்ஜென்சி ஃபண்ட் எவ்வளவுங்கறதுல எல்லாரும் சொல்ற ஆறு மாசக் கணக்கு எச்-1பிக்கு அப்படியே பொருந்தாது. வேலை போனா 60 நாள் வரைக்கும்தான் க்ரேஸ், அதுக்குள்ள வேற கம்பெனி பெட்டிஷன் போடணும், இல்லன்னா ஸ்டேட்டஸ் மாத்தணும், இல்ல கிளம்பணும். அதனால நாங்க போட்டது இப்படி: நாலு மாச செலவு 29,000, மூணு டிக்கெட், கோப்ரால (வேலை போன பிறகும் சொந்தக் காசு கட்டி பழைய இன்ஷூரன்ஸ வச்சுக்கற வழி) இன்ஷூரன்ஸ் தொடர ரெண்டு மாசத்துக்கு, லீஸ பாதில விட்டா ஆகறது. லீஸ் விஷயத்துல கலிஃபோர்னியா சட்டப்படி ஓனரும் வேற ஆள தேட முயற்சி பண்ணியாகணும், மீதி மாச வாடகைய மொத்தமா கறந்துட முடியாது, ஆனா ரெண்டு மாச வாடகை போகும்னே வச்சுக்கிட்டோம். எல்லாம் சேத்து 42,000 இலக்கு. டல்லாஸ்ல இருந்து 19,000 கொண்டு வந்தாங்க. ஹெச்எஸ்ஏல (மருத்துவச் செலவுக்கு டாக்ஸ் இல்லாம சேத்து வைக்கிற கணக்கு) போடலாமான்னு கேட்டார், போடலாம், ஆனா கலிஃபோர்னியா ஸ்டேட் டாக்ஸ் அத ஏத்துக்கறதில்ல, டெக்சஸ்ல கிடைச்ச முழு லாபம் இங்க இல்ல.

2025 பிப்ரவரில ஈஏடி வந்துச்சு. வேலை வர்றதுக்கு முன்னாடியே டேகேர் இடம் வந்துச்சு, அதுதான் சிக்கல். வெயிட்லிஸ்ட்ல இருந்து கூப்பிட்டாங்க, எடுக்கலன்னா அடுத்தது எப்பன்னு சொல்ல மாட்டாங்க. ஃபுல் டைம் 2,200. மிச்சம் இருந்த 2,260-ல அது போக அந்த மாசம் கையில 60 டாலர். அவர் ரொம்ப பயந்தார். ஆனா பையன இடுப்புல வச்சுக்கிட்டு ஆறு ரவுண்டு டெக்னிகல் இன்டர்வியூ யாரால குடுக்க முடியும்? அத செலவுன்னு எழுதாம வேலை தேடறதுக்கான முதல்னு எழுதச் சொன்னேன். ஏப்ரல்ல ஆஃபர் வந்துச்சு, 80,000, கேப் இருந்ததால கம்மிதான்.

அந்த 80,000 என்னவாச்சுன்னு பாருங்க. அது கணவன் சம்பளத்துக்கு மேல உக்காருது, அதனால முதல் டாலர்ல இருந்தே ஃபெடரல் 22, ஸ்டேட் 9.3, மத்தது ஒம்போதுக்கு கொஞ்சம் கம்மி, ஆக 40% போயி மாசம் 4,000. டேகேர் 2,200. ஆஃபீஸ் சான் ஹோசேங்கறதால ரெண்டாவது கார், ஈஎம்ஐ, இன்ஷூரன்ஸ், பெட்ரோல் சேத்து 650. மிச்சம் 1,150. "இதுக்கு வீட்லயே இருக்கலாமே"ன்னு உறவுல ஒருத்தர் சொன்னாங்களாம். அந்தக் கணக்குல ரெண்டு ஓட்டை. டேகேர் ஃபீச அவங்க சம்பளத்துல இருந்து மட்டும் கழிக்கறது ஏன், பையன் ரெண்டு பேருக்கும்தானே பையன். இன்னொண்ணு, டேகேர் என்னைக்கும் இருக்கப் போறதில்ல. பையனுக்கு 2025 மே மாசம் நாலு முடிஞ்சுது, கலிஃபோர்னியால 2025-26-ல இருந்து செப்டம்பர் 1-க்குள்ள நாலு வயசு முடிஞ்ச எல்லாருக்கும் கவர்மென்ட் ஸ்கூல்ல டிகே, அதாவது கிண்டர்கார்ட்டனுக்கு முந்தின வகுப்பு, ஃப்ரீ. ஆகஸ்ட்ல இருந்து 2,200 போயி, ஸ்கூல் விட்ட பிறகு பாத்துக்கறதுக்கு 850 மட்டும். மிச்சம் 2,500 ஆயிடுச்சு. ரெண்டு பேரும் வேலைக்கு போறதால டிபென்டன்ட் கேர் எஃப்எஸ்ஏல (குழந்தைய பாத்துக்கற செலவுக்கு டாக்ஸ் இல்லாம ஒதுக்கற கணக்கு) 2025 லிமிட்டான 5,000 வரைக்கும் போட்டு 2,000 டாலர் டாக்ஸும் மிச்சம்.

முதல் பே ஸ்லிப் வந்ததும் மனைவி சந்தோஷமா மெசேஜ் பண்ணாங்க, "அண்ணா நீங்க 4,000-னீங்க, 5,500 வருது". எனக்கு திக்குன்னுச்சு. டபிள்யூ-4 (சம்பளத்துல எவ்வளவு டாக்ஸ் பிடிக்கணும்னு கம்பெனிக்கு குடுக்கற ஃபார்ம்) காட்டச் சொன்னேன். மேரீட் ஃபைலிங் ஜாயின்ட்லின்னு டிக் பண்ணிட்டு, ரெண்டு பேரும் வேலை பாக்கறோம்ங்கறதுக்கு ஸ்டெப் 2-ல இருக்கற சின்ன கட்டத்த விட்டுட்டாங்க. அத விட்டா, இந்த குடும்பத்துக்கு இந்த 80,000 மட்டும்தான் வருமானம்னு நினைச்சு பேரோல் சாஃப்ட்வேர் டாக்ஸ் பிடிக்கும், ஸ்டாண்டர்ட் டிடக்ஷன் கழிவையும் மறுபடி ஒரு தடவ குடுக்கும். முழு வருஷத்துக்கு ஃபெடரல்ல மட்டும் கிட்டத்தட்ட 12,000 கம்மியா பிடிச்சிருப்பாங்க, ஏப்ரல்ல அத மொத்தமா கட்டணும், பெனால்டியும் சேரலாம். அவர் டபிள்யூ-4-லயும் அந்த கட்டம் காலிதான். ரெண்டு பேரும் அன்னைக்கே மாத்தினாங்க.

2025 ஆகஸ்ட்ல மூணு விஷயம் ஒண்ணா வந்துச்சு. முதல் வெஸ்ட், டிகே, லீஸ் ரினியூவல். லெட்டர்ல 3,690-னு இருந்துச்சு, ஃப்ரீ மாசமெல்லாம் இல்ல. வருஷத்துக்கு 5% ப்ளஸ் விலைவாசி, அதிகபட்சம் 10% தான் ஏத்தலாம்னு ஸ்டேட் சட்டம் இருக்கு, ஆனா 15 வருஷத்துக்குள்ள கட்டின பில்டிங்குக்கு அது பொருந்தாது, இவங்களோடது 2014-ல கட்டினது. அதனால சட்டத்த பேசாம, அதே பில்டிங்ல அதே மாடல் வீட்ட புதுசா வர்றவங்களுக்கு என்ன ரேட்டுக்கு போட்டிருக்காங்கன்னு வெப்சைட்ட ஸ்க்ரீன்ஷாட் எடுத்துட்டு லீசிங் ஆஃபீஸ் போனார். 3,560-க்கு முடிஞ்சுது, 15 மாச லீஸ், அதனால அடுத்த முடிவு நவம்பர்ல வரும், காலி வீடு நிறைய இருக்கற சீசன். வெஸ்ட் ஆனத வித்து எமர்ஜென்சி ஃபண்ட 42,000-க்கு கொண்டு வந்தாச்சு. செலவு கூடியிருக்கு, ரெண்டாவது கார் வந்திருக்கு, அதனால அந்த இலக்க இப்ப 48,000-க்கு மாத்தி ஷீட்ல போட்டிருக்காங்க. வீடு வாங்கறத பத்தி அவர் பேச ஆரம்பிச்சிருக்கார், ஒண்ணரை மில்லியனுக்கு டவுன் பேமென்ட் எவ்வளவுன்னு மனைவி கேட்டதுக்கப்புறம் அந்த டேப்ப மூடி வச்சிருக்கார்.